வீட்டிலேயே செய்யும் மலச் சோதனைக் கிட்: ஒரு பஸ் டிரைவரின் விமர்சனம்

"ஊர் உலகத்துல எல்லாரும் பிரியாணிக் கடை, கைப்பேசி, ஏர்கான்னு எழுதுறாங்க. நீங்க இதையா எழுதப் போறீங்க?" என்றாள் மனைவி. ஆமாம், இதைத்தான். தட்டில் சோறு இருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வாருங்கள். அவசரமில்லை. இந்தப் பெட்டியைத் திறக்க நானே இரண்டு வருடம் எடுத்துக்கொண்டவன்.

நான் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறேன். வயது 57. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து 30 வருடம் ஆகிறது. பி.ஆர். (நிரந்தரவாசி) ஆகி, குடியுரிமையும் வாங்கியாயிற்று. நான் சொல்ல வந்தது பெருங்குடல் புற்றுநோய்க்கான 'ஃபிட்' சோதனைக் கிட்டைப் பற்றி. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. 50 வயதைத் தொட்டவர்கள் வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்று இங்கே அரசாங்கமே சொல்கிறது. 'ஹெல்தியர் எஸ்ஜி' என்ற அரசாங்க உடல்நலத் திட்டத்தில் ஒரு கிளினிக்கைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொண்ட குடிமகன் என்றால் அங்கே இலவசம். ஆக, விலையைப் பற்றி விமர்சனம் எழுத வழியில்லை. ஓசியில் வந்த பொருளுக்கு நம்மிடம் என்ன மரியாதை கிடைக்குமோ அதுதான் இதற்கும் கிடைத்தது.

முதல் கிட் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் கைக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் டிவி மேசையின் இழுப்பறையில் போட்டேன். பழைய ரிமோட்டுகள், சீனப் புத்தாண்டுக்கு வந்த காலி அங் பாவ் உறைகள், செத்த பேட்டரிகள், அதோடு இது. செய்யக்கூடாது என்று முடிவெடுக்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு நாளும் முடிவெடுத்தேன், அவ்வளவுதான்.

சோம்பலுக்கு ஒரு சாக்கும் கிடைத்தது. அந்த மாதமே வேலையிடத்தில் ஒரு உடல்நலப் பேச்சு நடந்தது. பேச வந்த நர்ஸ் திரையில் மூன்று பட்டைகள் காட்டினார். சிங்கப்பூரில் பெருங்குடல் புற்றுநோய் எந்த இனத்தவரை எவ்வளவு பிடிக்கிறது என்ற கணக்கு. சீனர்களுக்குப் பெரிய பட்டை. மலாய்க்காரர்களுக்கு அதைவிடக் குட்டை. இந்தியர்களுக்கு எல்லாவற்றிலும் சின்னது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தஞ்சாவூர்க்காரர் முழங்கையால் இடித்தார். "பாத்தீங்களா, நம்ம மஞ்சளும் சாம்பாரும்!" எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. பெட்டி இழுப்பறையில் இன்னும் நன்றாகத் தூங்கியது.

அந்தப் பட்டைகள் பொய்யில்லை. இங்கே 1968 முதல் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அதைத் தொடங்கி வளர்த்தவர் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம், இப்போதைய அதிபர் தர்மனின் தகப்பனார். நோய்க்கூறியல் நிபுணர், இலங்கை வேர் கொண்ட தமிழர். ஒவ்வொரு நோயாளியின் இனத்தையும் குறித்து வைத்ததால்தான் இன்றைக்கு இந்த ஒப்பீட்டை எடுத்துப் போட முடிகிறது. ஆரம்ப நாட்களில் இங்கே ஆண்களை அதிகம் பிடித்தது நுரையீரல், இரைப்பை, கல்லீரல், மூக்குத்தொண்டைப் புற்றுநோய்கள். ஊர் பணக்கார ஊராக ஆக, இரைப்பை இறங்கியது, பெருங்குடல் ஏறியது. பல வருடம் ஆண்களில் அதுதான் முதலிடம். அண்மையில்தான் புராஸ்டேட் அதை முந்தியது. பெண்களில் மார்பகத்துக்கு அடுத்தபடி அதுவே.

ஆனால் அந்தப் பட்டைகள் பாதிக் கதைதான். இன்னொரு பட்டை பிறகு எனக்கே தோன்றியது. ஊரில் இருக்கும் இந்தியர்களையும் சேர்த்துப் பார்த்தால் என்ன? வயதைச் சரிக்கட்டிப் பார்க்கும்போது இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு வருடத்தில் ஏறக்குறைய 5 பேருக்கு இந்த நோய் வருகிறது. சிங்கப்பூரில் மொத்தமாக அது 30-ஐ ஒட்டி இருக்கிறது. பெயர்ந்து வந்தவர்கள் வந்த ஊரின் கணக்குக்கு மெல்ல மெல்ல மாறுவார்கள் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். ஹவாய்க்குப் போன ஜப்பானியர்களை வைத்து ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டார்கள். ரத்தம் அதே ரத்தம், தட்டும் நாற்காலியும் மாறிவிட்டன.

என் தட்டைச் சொல்கிறேன். காலை நாலரைக்கு முதல் வண்டி எடுக்கிறவனுக்கு இட்லி கிடையாது. பஸ் நிலையக் கேன்டீனில் பீஹூன் என்ற அரிசி நூடுல்ஸ், அதன்மேல் டின்னில் வரும் பதப்படுத்திய இறைச்சியான லஞ்சன் மீட் பொரித்தது இரண்டு துண்டு, ஒரு முட்டை. பத்து மணிக்கு ஆட்டுக்கறிக் குழம்போடு இரண்டு பரோட்டா. தே தாரிக், அதாவது ஆற்றிய பால் டீ, எத்தனை என்று எண்ணியதில்லை. பச்சைக் காய் என்றால் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றோடு வரும் இரண்டு துண்டு வெள்ளரி. ஒன்பது மணிநேரம் உட்கார்ந்த இடம். வயிறு ஸ்டீயரிங்கைத் தொடுகிறது. சர்க்கரை வந்து எட்டு வருடம். புகையை விட்டுவிட்டேன், பீரை விடவில்லை. இந்த மனிதன் மஞ்சளை நம்பி உட்கார்ந்திருக்கிறான்.

இழுப்பறையைத் திறக்க வைத்தது பட்டையும் இல்லை, பேச்சும் இல்லை. என்னோடு ஒரே தடத்தில் வண்டி ஓட்டிய ஒரு சீன நண்பர். என்னைவிட நாலு வயது மூத்தவர். மூன்று மாதம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது. கேன்டீனில் உட்கார்ந்து, சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றில் ஒட்டியிருந்த, மலம் சேரும் பையைக் காட்டினார். பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் கட்டம். "கிட் வந்துச்சு. வீட்டுல இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு என் டிவி மேசை ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தேன். தேதி முடிந்து ஏழு மாதம். இந்தப் பொருளுக்குக் காலாவதி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குப்பியில் ஒரு திரவம் இருக்கிறது, அது கெட்டுப்போகும். வாங்கியவுடன் தேதியைப் பாருங்கள். கிளினிக்கில் வேறு கேட்டு வாங்கினேன். இனி விமர்சனம் அந்த இரண்டாவது கிட்டைப் பற்றி.

உள்ளே இருப்பவை: விரலளவு பிளாஸ்டிக் குப்பி இரண்டு, மலம் பிடிக்கும் காகிதம் இரண்டு, பெயர் ஒட்டும் தாள், மூடிக் கட்டும் பை, ஒரு படிவம், படம் போட்ட விளக்கத்தாள். இரண்டு குப்பி எதற்கு என்றால், இரண்டு தனித்தனி நாட்களில் எடுக்க வேண்டும். குடலில் வளரும் கட்டி தினமும் ரத்தம் கசியாது. இன்றைக்குக் கசியும், நாளைக்குச் சும்மா இருக்கும். ஒருநாள் மட்டும் பார்த்தால் தப்பிவிடலாம்.

குப்பிதான் இதில் கெட்டிக்காரத்தனமான பொருள். மூடியைத் திருகி இழுத்தால் மூடியோடு சேர்ந்து ஒரு குச்சி வருகிறது. குச்சி நுனியில் திருகாணி மாதிரி வரிவரியாகப் பள்ளங்கள். மலத்தின் மேல்பரப்பில் நாலைந்து இடத்தில் குச்சியைக் கீற வேண்டும். பள்ளம் நிரம்பினால் போதும். மூக்குப்பொடி அளவுகூட இருக்காது. அள்ளித் திணிக்கக்கூடாது. குச்சியைத் திரும்பக் குப்பிக்குள் செருகும்போது வாயில் இருக்கும் ஒரு குறுகலான வளையம் அதிகப்படியானதை வழித்துவிடுகிறது. பள்ளத்தில் இருப்பது மட்டும் திரவத்துக்குள் போகிறது. 'டக்' என்று மூடிக்கொண்டபின் திறக்க வேண்டியதில்லை. கையில் எதுவும் படவில்லை, வாடையும் இல்லை. நான் இரண்டு வருடம் கற்பனை செய்து அருவருத்தது ஒன்று, நடந்தது ஐந்து நிமிடத்தில் இது.

காகிதத்துக்குத்தான் குறை. மலம் தண்ணீரில் விழக்கூடாது, அதற்கு முன்னே பிடித்துவிட வேண்டும். அதற்காகக் கழிப்பறைக் கிண்ணத்தின் குறுக்கே தாளை விரிக்கச் சொல்கிறார்கள். தாள் மெல்லிசு. நம் வீட்டில் எல்லாரும் தண்ணீர்க் குழாய் பிடிப்பவர்கள். கிண்ணத்தின் விளிம்பு எப்போதும் ஈரம். முதல் நாள் தாள் ஊறி ஒரு பக்கம் மூழ்கியது, சோதனையும் போயிற்று. இரண்டாம் தாளைத் தொடாமல் வைத்துக்கொண்டு, மறுநாள் விளிம்பைத் துடைத்து, பழைய தமிழ்முரசு ஒன்றை அடியில் தாங்கலாகக் கொடுத்தேன். அன்றிலிருந்து நண்பர்களுக்குச் சொல்லும் யோசனை: சாப்பாடு கட்டிவரும் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் டப்பா போதும், காகிதத்தை மறந்துவிடுங்கள். பெயர் ஒட்டும் தாளும் சின்னது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் தேதி எழுத முடியாது. 50 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கென்றே செய்த பொருளில் எழுத்து இத்தனை சின்னதாக இருப்பதை என்ன சொல்வது.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இது பெரிய சௌகரியம். முன்பு இருந்த பழைய மலச் சோதனைக்கு மூன்று நாள் கறி தின்னக்கூடாது, சில காய்கள்கூட ஆகாது. அது எந்த ரத்தத்துக்கும் நிறம் மாறும். இந்தக் கிட் மனித ரத்தத்தில் உள்ள குளோபின் என்ற புரதத்தை மட்டும் பிடிக்கிற எதிர்ப்பொருளை வைத்து வேலை செய்கிறது. ஊருக்குப் போய் ரத்தப் பொரியல் சாப்பிட்டுவிட்டு வந்து செய்தாலும் ஆட்டுக்கும் நமக்கும் வித்தியாசம் அதற்குத் தெரியும். ஆனால் மூலத்தில் ரத்தம் வரும் நாளிலும், பெண்கள் மாதவிலக்கு நாட்களிலும் செய்யக்கூடாது. இன்னொன்று, இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும்: கண்ணால் பார்க்கும்படி ரத்தம் போகிறவர்கள், காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள், மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறிக் கிடக்கிறவர்கள் இந்தக் கிட்டுக்கு வரவே கூடாது. நேரே டாக்டரிடம் போக வேண்டும். ஒன்றும் தெரியாமல் சுற்றும் என் போன்றவர்களுக்குத்தான் இது.

இரண்டு குப்பிக்கும் நடுவே ஒருநாள் இடைவெளி விழுந்தது. வெயில் படாத, குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். சூட்டில் ரத்தத்தின் தடயம் சிதைந்துபோனால், இருக்கும் ரத்தமும் இல்லை என்று வந்துவிடும். சிங்கப்பூரில் குளிர்ச்சியான இடம் எது? ஃபிரிட்ஜைத் திறந்தேன். மனைவி பின்னாலேயே வந்து நின்றாள்.

"தோசை மாவு இருக்குற இடத்துல இது வந்துச்சுன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன்."

பையில் போட்டுக் கட்டி, அதை டப்பாவில் போட்டு, டப்பாவை இன்னொரு பையில் போட்டுக் காட்டினேன். ம்ஹும். கடைசியில் ஏர்கான் ஓடும் படுக்கையறையில், என் பக்கத்து மேசையில், நான் குப்பியோடு தூங்கினேன்.

கிளினிக்கில் கொடுக்கப் போனது தனிக்கூத்து. எந்தக் கிளினிக் என்பது வேண்டாம். சனிக்கிழமை காலை, முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கவுன்ட்டரில் மெல்ல நீட்டினேன். அந்தப் பெண் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "அங்கிள், ஸ்டூல் டெஸ்ட் ஆ? ஹவ் மெனி டேஸ் ஆல்ரெடி?" என்றது. முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் என் பஸ்ஸில் தினமும் ஏறும் ஒரு பாட்டியும் இருந்தார். இதற்கு ஒரு பெட்டி வைத்து 'இதில் போடவும்' என்று எழுதினால் போதாதா? இத்தனை கோடி செலவு செய்து அழைக்கிறார்கள், பத்தில் நாலு பேர்தான் தவறாமல் சோதிக்கிறார்கள். மற்ற ஆறு பேரில் சிலரை இந்தக் கவுன்ட்டரே விரட்டியிருக்கும்.

கிட்டுக்கு மதிப்பெண்: குப்பிக்கு ஐந்துக்கு ஐந்து. காகிதத்துக்கு ஒன்று. கவுன்ட்டருக்கு நான் மதிப்பெண் போடவில்லை.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி. நான் ஓய்வறையில் இருந்தேன். இரண்டு குப்பியில் ஒன்று பாசிட்டிவ். ஒன்றில் ரத்தம், ஒன்றில் இல்லை. ஒரே குப்பி கொடுத்திருந்தால் பாதி வாய்ப்பில் நான் சந்தோஷமாகப் பரோட்டாவுக்குப் போயிருப்பேன். அழைத்த நர்ஸ் நிதானமாகப் பேசினார். பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பெரும்பாலோருக்கு அது இருக்காது, மூலம், புண், பாலிப் என்ற குடல்சுவர் வளர்ச்சி என்று பல காரணம் உண்டு, ஆனால் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்தே ஆக வேண்டும் என்றார். இன்னொரு கிட் வாங்கி மறுபடி செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். "எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள்" என்றார். கூடாதாம். இரண்டாவது தரம் இல்லை என்று வந்தாலும் முதலில் வந்தது அழியாது.

இனி, அந்தச் சோதனைக்கு முன் குடலைக் கழுவிவிடும் மருந்துத் தண்ணீர். இதைத் தனிப் பொருளாகவே விமர்சிக்கலாம். கொலோனோஸ்கோபிக்கு மூன்று நாள் முன்பிருந்து நாருள்ள எதுவும் கூடாது. கீரை, பழம், பருப்பு, விதை ஆகாது. வெள்ளைச் சோறு, வெள்ளை ரொட்டி, மீன், முட்டை. வாழ்நாள் முழுக்க நார்ச்சத்து சாப்பிடு என்று சொல்லிவிட்டு இந்த மூன்று நாள் மட்டும் சாப்பிடாதே என்பார்கள். கழுவிவிடும்போது கீரை நார் ஒட்டிக்கொண்டு கேமராவை மறைக்குமாம். நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே உணவு விதி இதுதான், ஏனென்றால் ஏற்கெனவே அப்படித்தான் தின்றுகொண்டிருந்தேன்.

சோதனைக்கு முந்தின நாள் மாலை பேதிப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். மூன்று லிட்டர். உப்பும் இனிப்பும் சேர்ந்து, ஆரஞ்சு வாடையுள்ள சோப்புத் தண்ணீர் மாதிரி. முதல் லிட்டர் இறங்கிவிட்டது. இரண்டாவது லிட்டரில் வாய் மூட மறுத்தது. குளிரவைத்து, உறிஞ்சுகுழாய் போட்டு, நாக்கின் பின்பக்கமாக இழுத்தால் ருசி குறைவு என்று மகள் சொன்னாள். உண்மைதான். இடையிடையே ஹண்ட்ரட் பிளஸ் என்ற இனிப்புப் பானம் அனுமதித்தார்கள், சர்க்கரைக்காரன் என்பதால் அளவோடு. சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்பே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்குத் தேடாதீர்கள்.

ஒரு மணிநேரத்தில் ஆரம்பித்தது. இரவு பன்னிரண்டு வரைக்கும் நான் குடியிருந்த இடம் எது என்று சொல்லத் தேவையில்லை. வெளியே வருவது தெளிந்து, இளமஞ்சள் நிறத் தண்ணீராக வரும்வரை போக வேண்டும். அப்போதுதான் குடல் சுத்தம். மெல்லிய டிஷ்யூ வாங்கி வையுங்கள், வாசலினும். மறுநாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுங்கள். மருந்துத் தண்ணீருக்கு அரை நட்சத்திரம், அதுவும் வேலை செய்கிறது என்பதற்காக.

கொலோனோஸ்கோபியைப் பற்றி எழுத அதிகமில்லை. பின்பக்கம் கிழிந்த கவுன், கையில் ஊசி, பக்கவாட்டில் படு என்றார்கள். ஒப்புதல் படிவத்தில் குடலில் ஓட்டை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கு என்று இருந்தது. ஆயிரம் பேர் என்றால் காலை நேரத்தில் என் பஸ்ஸில் பத்துத் தடவை நிறைகிற கூட்டம். அதில் ஒருவர். கையெழுத்துப் போட்டேன். மயக்க மருந்து ஏறியதும் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன், பாதி வாக்கியத்தில் விழித்தபோது மீட்பறையில் இருந்தேன். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். கடைசி நிறுத்தத்திலிருந்து புறப்பட்டு, இடப்பக்கம் ஒரு வளைவு, கல்லீரலுக்குக் கீழே இன்னொரு வளைவு, சிறுகுடல் வந்து சேரும் இடம்வரை போய்த் திரும்பி வருகிறார்கள். போகும்போது இல்லை, திரும்பி வரும்போதுதான் நிதானமாகப் பார்ப்பார்களாம். எனக்கு மிச்சமிருந்த ஒரே தொந்தரவு வயிற்றுக்குள் ஊதிய காற்று. அதை வெளியேற்றச் சொல்லி நர்ஸே ஊக்கப்படுத்தினார். பக்கத்துப் படுக்கைக்காரரும் நானும் மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டோம்.

இரண்டு பாலிப். ஒன்று 6 மில்லிமீட்டர், ஒன்று 12. இரண்டையும் அங்கேயே சுருக்குக் கம்பி போட்டு அறுத்து எடுத்துவிட்டார்கள். டாக்டர் படத்தைக் காட்டினார். ஈரமான ரோஜா நிறச் சுவர். அதில் ஒரு காம்பு, காம்பின் நுனியில் சின்னக் காளான் மாதிரி ஒன்று. இவ்வளவு சாது முகத்தோடு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சோதனையில் அடினோமா என்று வந்தது. புற்றுநோய் இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடிய சாதி. இப்படி ஒன்று புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம்போல ஆகும் என்றார் டாக்டர். அதனால்தான் இந்தத் தேடலுக்கு அர்த்தம் இருக்கிறது. வேறு பல புற்றுநோய்களில் வந்தபின் சீக்கிரம் பிடிப்பார்கள். இதில் வருவதற்கு முன்பே கிள்ளிவிடலாம். மூன்று வருடத்தில் மறுபடி வா என்று எழுதிக் கொடுத்தார். செலவில் பெரும்பகுதியை மெடிசேவ் என்ற என் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் கழித்துக்கொண்டார்கள்.

லஞ்சன் மீட்டைப் பற்றி அவரிடம் கேட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும். பயந்துபோய் நூற்றில் 18 பேருக்கு வரும் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. நூறு பேரில் ஐந்து பேருக்கு வருவதாக வைத்துக்கொண்டால், எல்லாரும் தினமும் தின்றால் அது ஆறு பேர் ஆகும், அவ்வளவு. "உன் வயது, உன் எடை, உன் சர்க்கரை, நீ உட்காரும் நேரம், உன் பீர், எல்லாம் அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சம் கூட்டும்" என்றார். ஒன்று தனியாகப் பெரிதில்லை, நான் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "குடும்பத்தில் யாருக்காவது?" கிட்டோடு வந்த படிவத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. இல்லை என்று குறித்திருந்தேன்.

அப்பா 1994-ல் போனார். வயது 61. வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மூலம் என்றார்கள். துத்தி இலையை வதக்கிக் கொடுத்தார்கள், கருணைக்கிழங்கு கொடுத்தார்கள். ஒரு வருடம் அப்படியே ஓடியது. கடைசியில் வயிறு உப்பி, ஒன்றும் இறங்காமல், தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் முடிந்தது. என்ன நோய் என்று யாரும் ஒரு தாளில் எழுதித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்போது சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வைத்திருந்த பதிவேடு சென்னை நகரத்துக்கானது. தமிழ்நாடு முழுவதையும் பதியும் வேலை 2012-ல்தான் தொடங்கியது. எங்கள் ஊர் எந்தக் கணக்கிலும் இல்லாத காலம் அது. நிச்சயமாக இந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் இந்தியாவுக்கு 5 என்று வாசித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அப்பா அந்த ஐந்துக்குள் எண்ணப்பட்டவர் இல்லையே என்பதுதான்.

டாக்டர் பேனாவால் என் படிவத்தில் 'இல்லை'யை அடித்துவிட்டு, 'தெரியவில்லை' என்று எழுதினார். 12 மில்லிமீட்டர் பாலிப் உள்ளவனின் உடன்பிறந்தவர்களுக்கும் ஆபத்து கூடுதல், தம்பிக்குச் சொல், அவருக்குக் கிட்டைவிட நேரே கொலோனோஸ்கோபியே நல்லது என்றார்.

தம்பிக்கு 51. மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறான். அங்கே வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கும் அரசாங்கச் சோதனை இருக்கிறது. பெருங்குடலுக்கு இங்கே மாதிரி வீட்டுக்கு அழைப்பு வராது. நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைப் பற்றியும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"குழாய் எல்லாம் விடுறதுக்கு நான் வரலண்ணே. அந்த டப்பா இருக்குல்ல, அதை யாராவது ஊருக்கு வரப்ப கொடுத்து விடேன். எடுத்துத் திருப்பி அனுப்புறேன்."

சென்னை வழியாக விமானத்தில், யாரோ ஒருவரின் கைப்பையில், முறுக்கு ஊறுகாயோடு அது வருவதை நினைத்து நான் சிரித்த சிரிப்பில் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். சில நாட்களுக்குள் சோதனைக்கூடம் போய்ச் சேர வேண்டும், இதெல்லாம் நடக்காது, தஞ்சாவூரில் பெரிய லேப் எதிலாவது மறைந்திருக்கும் ரத்தத்துக்கான மலச் சோதனை என்று கேள், முதலில் அதைச் செய், அப்புறம் குழாயைப் பற்றிச் சண்டை போடலாம் என்றேன். சரி சரி என்றான். அந்தச் 'சரி சரி' எனக்கு நன்றாகத் தெரியும். டிவி மேசை இழுப்பறையிடம் நான் சொன்னதும் அதே சரி சரிதான்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொண்டே இருந்தேன். உர சீசன், கோயில் திருவிழா, மாமனாருக்குக் கண் ஆபரேஷன். நேற்று அவனே கூப்பிட்டான்.

"டப்பா வாங்கிட்டேண்ணே. நாளைக்குக் காலைல எடுக்குறேன், ஆனா லேப் திங்கக்கிழமதான் தொறக்கும். அதுவரைக்கும் ஃபிரிட்ஜ்ல வைக்கலாமான்னு கேட்டா, இவ என்னை வீட்டை விட்டு வெளிய போங்குறா."